‘எல்லாம் சுகர்தான்’ என்று எழுதிவிடாதே

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்ந்து, ஏற்காட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை கொடுக்கிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. நான் சேலத்தில் வேலை பார்த்த காலத்தில், மலையிலிருந்து ஒருவர் எங்கள் பிரிவுக்கு வரவேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் மாறி, அன்றைய கூலியையும் விடவேண்டும். காலில் தெம்பில்லாதவர்களுக்காக வைத்த பிரிவு அது. ஆனால் கொஞ்சமாவது தெம்பு மிச்சமிருந்தவர்களால்தான் வந்துசேர முடிந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் உங்கள் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே போகும் என்ற செய்தியைத்தான் அன்று நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இரவானால் பாதம் திகுதிகுவென எரிகிறது. தொடைச் சதை கரைந்துவிட்டது. சரிவில் இறங்கும்போது முழங்கால் மடங்கிக்கொள்கிறது. வீட்டில் எல்லாரும் ‘எல்லாம் சுகர்தான்’ என்கிறார்கள், வாரம் ஒரு ‘நரம்பு ஊசி’ போட்டுவருகிறார்கள். வலிக்கு என்ன செய்யலாம், தெம்புக்கு என்ன செய்யலாம் என்பது உன் கேள்வி. இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். ‘எல்லாம் சுகர்தான்’ என்ற வார்த்தையை உன் நோட்டில் எழுதாதே. சர்க்கரை நோயாளிகள் கால் இழப்பதற்கும் படுக்கையில் விழுவதற்கும் அந்த வார்த்தை பெரிய காரணம். அதைச் சொன்ன பிறகு யாரும் காலைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

உன் மலைக்குத் தெற்கே கொல்லிமலை இருக்கிறதல்லவா? 1914-இல் அங்கே ஒரு மிஷனரி வீட்டில் பிறந்தவர் பால் பிராண்ட். அவருடைய அம்மா ஈவ்லின் பிராண்ட், கணவர் இறந்த பிறகும் மலையை விடாமல், தொண்ணூறு வயதைத் தாண்டியும் கொல்லிமலை, கல்வராயன் மலை ஊர்களில் மருந்துப் பெட்டியோடு சுற்றிக்கொண்டிருந்தவர். மகன் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி உதிரும் என்று அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். ‘எல்லாம் நோய்தான்’ என்று அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பிராண்ட் அதோடு நிற்கவில்லை. நோயாளிகள் வேலை செய்யும்போது கூடவே இருந்து பார்த்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகும்போது விரல் கிழிகிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை. இரவில் முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கிறது. காவல் இருந்து பார்த்தால், தூங்கும்போது எலி கடித்துக்கொண்டிருக்கிறது. கடிபட்டவர் விழிக்கக்கூட இல்லை. பூனைகளைக் கொடுத்தார்கள், விரல்கள் பிழைத்தன. சதையில் தானாக அழுகும் குற்றம் எதுவும் இல்லை, உணர்ச்சி போன இடத்தில் பட்ட காயம்தான் எல்லாவற்றையும் தின்றிருக்கிறது என்று அவர் நிறுவினார். மரத்துப்போன பாதத்துக்காக எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வளர்ந்ததும் வேலூர், காரிகிரி பக்கம் நடந்த அந்த வேலைகளில்தான். 1960-களில் அமெரிக்காவுக்குப் போன பிறகு, சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணிலும் இதே கதை நடப்பதைப் பார்த்து, மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பி ஆற்றும் முறையை அங்கே பரப்பினார். இன்று உலகம் முழுக்கப் பாதப்புண்ணுக்குச் செய்யும் சிகிச்சையில் அந்தக் கைவண்ணம் இருக்கிறது. நம் பக்கத்து மலைக்காரர் என்பதால் எனக்குக் கூடுதல் பெருமை.

இனி அந்தப் பெரியவரின் காலுக்கு வருவோம். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால், நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களும் நரம்பிழைகளும் சேர்ந்தே கெடும். மிக நீளமான நரம்பு முதலில் அடிபடும். அதனால்தான் தொந்தரவு கால்விரலில் தொடங்கி, இரண்டு காலிலும் ஒரே அளவில் மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போதுதான் கைவிரல் நுனிகளில் மதமதப்பு தொடங்கும். மெல்லிய இழைகள் கெட்டால் எரிச்சல், ஊசிக் குத்தல், போர்வை பட்டாலே வலி. தடித்த இழைகள் கெட்டால் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும், செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது. ஒருவருக்கு ஒரே காலில் எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்தே இருக்கலாம். ‘எரிச்சல் குறைஞ்சுபோச்சு, பரவாயில்லம்மா’ என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால், அன்றுதான் நீ அந்தக் காலை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும். நரம்பு தேறியிருக்கலாம். முழுக்கச் செத்தும் போயிருக்கலாம்.

பத்து கிராம் நைலான் இழையையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் பையில் வைத்துக்கொள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இழை லேசாக வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேள். காய்ப்பு உள்ள இடத்தில் அழுத்தாதே, அங்கே யாருக்குமே தெரியாது. இழை இல்லாத நாளில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது. இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உன் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடு. ஆறில் இரண்டு இடமாவது தெரியவில்லை என்றால் அது மரத்த பாதம். இதைக் கூட வரும் தன்னார்வலர் அக்காவுக்கும், வீட்டில் இருக்கும் பேத்திக்கும் சொல்லிக்கொடு. விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே பாதப் பரிசோதனை செய்கிறார்கள். மரத்த பாதம் என்று தெரிந்தால் அங்கே எழுதி அனுப்பு.

மலைக்கென்று ஓர் ஆபத்து உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று உனக்கு இந்த வருஷம் தெரிந்துவிடும். எரியும் பாதம் குளிரில் குடைச்சலாகவும் மாறும். உடனே அடுப்புப் பக்கம் நீட்டுவார்கள், வெந்நீரில் விடுவார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஈரமண்ணில் நின்றுவிட்டு வந்த ஓர் அம்மாவை என்னிடம் கூட்டிவந்தார்கள். இரண்டு உள்ளங்காலிலும் உள்ளங்கை அகலக் கொப்புளம். அடுப்புத் தணலில் கால் காய்ச்சியிருக்கிறார். தீய்ந்த வாடையைப் பேரன்தான் முதலில் சொன்னானாம். அந்தம்மா என்னிடம், ‘சூடே தெரியலியே கண்ணு, இதமாத்தான் இருந்துச்சு’ என்றார். ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. ஆகவே, அடுப்புக்கும் காலுக்கும் தூரம் எவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டிலும் கேள். குளிருக்குத் தளர்வான பருத்தி சாக்ஸ் போதும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், அதுவும் வீட்டில் வேறொருவருடைய முழங்கையாக இருந்தால் இன்னும் நல்லது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வெறுங்காலோடு போவார்கள். போகவேண்டாம் என்று சொல்லாதே, அது அவர்கள் சாமி. பாறை காயும் முன்னால் காலையிலேயே போகச் சொல், வந்ததும் பாதத்தைப் பார்க்கச் சொல்.

வலிக்கான மருந்தை எழுதித்தருவது டாக்டரின் வேலை. ஆனாலும் என்னென்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் மாத்திரை வேலை செய்கிறதா, தலைசுற்றுகிறதா என்று வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்பவள் நீதான். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸ்டின், பிரிகாபலின் அல்லது காபாபென்டின், இவைதான் முதல் வரிசை. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. முதல் மூன்றில் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் கூடுதல் நிவாரணம் கிடைக்கிறது என்று அது காட்டியது. அப்படியென்றால், எந்த மருந்து என்பதை அந்த ஆளின் உடம்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமிட்ரிப்டிலின் மலிவு, தூக்கமும் வரும், இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். ஆனால் சிறுநீர் தடைப்படும் வயசான ஆண்களுக்கும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. டுலாக்ஸ்டின் முதல் சில நாள் குமட்டும், கல்லீரல் கெட்டிருந்தால் தவிர்ப்பார்கள். பிரிகாபலின் தலைசுற்றலும் கால் வீக்கமும் தரும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி அமைந்த தோட்டச் சரிவில் வீடு இருக்கும் ஆளுக்குத் தலைசுற்றல் என்பது சின்ன விஷயம் இல்லை, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். மிளகாய்க் காரத்திலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பும் சிலருக்குக் கைகொடுக்கும், பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

எதைக் கொடுத்தாலும் ஒரே நாளில் தெரியாது. அளவைப் படிப்படியாக ஏற்றிச் சில வாரம் பொறுக்கவேண்டும். இந்த மருந்துகள் வலியை அடியோடு எடுப்பதும் அரிது. பத்துக்கு ஏழாக இருந்தது மூன்றரையானால் அது நல்ல வெற்றி. இதை முதலிலேயே சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்காரரைத் தேடிப் போகிறார்கள். கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலைத் தொடாது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி வைட்டமின்கள். உடம்பில் பி12 குறைந்திருந்தால் அது மருந்து. குறையாதவருக்கு வெறும் செலவு. பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் ஏறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பி12 என்றதும் உன் பெரியவர் மெட்ஃபார்மின் எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார் என்று பார். அது நல்ல மருந்து, அதை நிறுத்தும்படி யாரிடமும் சொல்லாதே. நீண்ட காலம் எடுப்பவர்கள் சிலருக்கு பி12 குறையும், அதனால் வரும் மதமதப்பு சர்க்கரையால் வரும் மதமதப்பு போலவே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். அதே மாதிரி, உடம்பில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து அந்த இடம் மரத்திருந்தால், முழங்கைப் பக்க நரம்பு கயிறாகத் தடித்திருந்தால், சர்க்கரை நோயாளியாகவே இருந்தாலும் தொழுநோயை நினை. கூட்டுமருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சீக்கிரம் தொடங்கினால் ஊனம் வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சாராயப் பழக்கத்தையும் கேள், ஆனால் வீட்டார் முன்னால் கேட்காதே.

இன்னொரு விஷயம் புதிதாக வருபவர்களைக் குழப்பும். பல வருஷம் 300, 400 என்று திரிந்த சர்க்கரையை இன்சுலின் போட்டுச் சில வாரத்தில் சட்டென்று இறக்கினால், சிலருக்குப் பாத எரிச்சல் திடீரென்று கொழுந்துவிட்டு எரியும். ‘இன்சுலின் போட்டதும்தான் இப்படி ஆச்சு’ என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. மாதங்களில் தணியும், அதுவரை வலிக்கு மருந்து கொடுக்கவேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை நிதானமாக இறக்குவதே டாக்டர்கள் விரும்பும் வழி.

இனி தொடைக்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சாதாரணச் சர்க்கரை நரம்பு நோயில் தெம்பு குறைவது பாதத்தில். பாதத்தின் சின்னத் தசைகள் சுருங்கி விரல்கள் கொக்கியாக வளையும், முன்பாதத்தில் அழுத்தம் ஏறும். தொடை இவ்வளவு சீக்கிரம் கரைவது அந்தக் கணக்கில் வராது. அவரிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேள். முதலில் ஒரு பக்கத் தொடையிலோ இடுப்பிலோ தாங்கமுடியாத வலி வந்ததா? பிறகு சில வாரத்தில் தெம்பு போனதா? உடம்பு இளைத்ததா? கொஞ்ச நாளில் மறுபக்கமும் தொடங்கியதா? முழங்காலில் தட்டினால் கால் துள்ளாமல் கிடக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், 1890-இல் ஜெர்மன் மருத்துவர் லூட்விக் புரூன்ஸ் எழுதிவைத்த தொடை நரம்பு நோயாக இருக்கலாம். சர்க்கரை பெரிதாக ஏறாதவர்களுக்குக்கூட வரும். நரம்பு வேர்களின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வீங்கி ரத்தம் தடைப்படுவதால் வருகிறது என்கிறார்கள். அதை மாற்றிவிடும் மருந்து என்று நிரூபிக்கப்பட்டது இதுவரை எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானோர் மாதக்கணக்கில், சிலர் ஒன்றிரண்டு வருஷத்தில், தேறி எழுகிறார்கள். கொஞ்சம் குறை மிஞ்சலாம். இதை அந்தப் பெரியவரிடம் நீ சொல்லத்தான் வேண்டும். இனி எழமாட்டோம் என்று நினைத்துச் சாப்பாட்டை ஒதுக்கும் ஒருவருக்கு இது மாத்திரைக்கும் மேலான செய்தி.

ஆனால் நீயே முடிவு கட்டிவிடாதே. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியாக வேண்டும். கொழுப்பு மாத்திரையால் தசை பாதிக்கப்பட்டிருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், வைட்டமின் டி குறைந்திருக்கலாம், முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கையும் காலும் சேர்ந்து தெம்பிழந்துகொண்டே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்கும் நோய் இருக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் என்று நல்ல சிகிச்சை உண்டு. அதைச் சுகர் என்று சொல்லி வீட்டில் போட்டுவைப்பது பெரிய அநியாயம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, சில நாளிலேயே தெம்பின்மை காலிலிருந்து மேலேறி மூச்சு வாங்கினாலோ, முகமோ ஒரு பக்கக் கைகாலோ திடீரென்று விழுந்தாலோ காத்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு. வலியே பெரிதாக இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அந்தப் பாதத்தை ஊன்றவிடாதே. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அன்றைக்கே அனுப்பு.

பயிற்சி கொடுக்கும் முன்னால் மூன்றைப் பார். பாதத்தில் புண் இருக்கிறதா? படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் ரத்த அழுத்தம் எவ்வளவு? மேல் அளவு 20 குறைந்தால் தானியங்கி நரம்பும் கெட்டிருக்கலாம், சட்டென்று எழுப்பக் கூடாது. மூன்றாவது, கண்ணில் ரத்தக்கசிவு உள்ளவரா? அவரை மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்க வைக்காதே. பிறகு கட்டிலிலோ திண்ணையிலோ உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல். முடியாவிட்டால் உயரத்தைக் கூட்டிக்கொள், வாரம் செல்லச் செல்லக் குறை. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, பாதத்தை மேலே மடக்குவது, ஒரு காலில் நிற்பது, எல்லாம் அடுப்படியிலேயே செய்யலாம். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குக் கடினம். அதனால் சரிவில் இறங்கும் பயிற்சியைக் கடைசியில் வை, கையில் தடி இருக்கட்டும். பாதம் தொங்கினால் தாங்குபட்டைக்கு எழுது. தசை வளர நல்ல சாப்பாடு வேண்டும். கஞ்சி மட்டும் குடித்துச் சர்க்கரையைக் குறைக்கிறேன் என்பவர்களின் தொடை நீ என்ன செய்தாலும் நிமிராது. முட்டை, பருப்பு, கொள்ளு, நிலக்கடலை என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்கச் சொல். சிறுநீரகம் கெட்டவருக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.

இரவில் தூங்காதவரை ‘நடிக்கிறார்’ என்று வீட்டில் சொல்வதை நீ நிறையக் கேட்பாய். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாத வலி அது. எல்லாரும் இருக்கும்போது நீ அவருக்காக ஒரு வார்த்தை பேசு. பெண்கள் அந்த வலியை வெளியே சொல்லக்கூடமாட்டார்கள். பறித்த பழத்தை இடுப்புப் பையில் சுமந்தபடி நாள் முழுக்க நிற்கும் அக்காக்களிடம் ‘கால் எப்படி இருக்கு’ என்று நீயாகக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகும்போது ஓர் அளவுநாடா எடுத்துப் போ. முழங்கால் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் குறிவைத்து, இரண்டு தொடையின் சுற்றளவையும் எழுது. ஐந்து முறை உட்கார்ந்து எழ எத்தனை நொடி ஆகிறது, ஆறு விரல்நுனியில் எத்தனை தெரிகிறது, மாத்திரை அட்டைகளின் பெயர் என்ன என்பதையும் எழுதிக்கொள். பி12, தைராய்டு பரிசோதனைக்கு உங்கள் டாக்டரிடம் கேள். வாரம் போடும் அந்த ஊசியின் புட்டி கிடைத்தால் மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படம் பிடித்து அனுப்பு, என்ன போடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். நரம்பியல் பிரிவு புறநோயாளி நாள் எது என்று நான் விசாரித்து வைக்கிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கும் அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவிடு, பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை